புது நடையா, பழைய பாக்கியா?

பேராண்டி, இந்தத் திண்ணையில கொஞ்சம் உக்காரு. பொட்டியைத் தூக்கிக்கிட்டு அவசரமா எங்க போறே? உள்ள கம்ப்யூட்டரு இருக்கா, இல்ல பாப்பாவோட கஞ்சிப் பொடியா? சரி சரி, திறக்க வேணாம்.

நேத்து கீரமங்கலத்து மொய் விருந்துல உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பந்தல்ல அம்புட்டுக் கூட்டம், ஆட்டுக்கறி வாசம், எழுதுற மேசைக்கு முன்னாடி வரிசை. நாப்பது வருசமா மொய் எழுதுறவன், எனக்கு நோட்டுல ஒரு கண்ணு, ஆள்மேல ஒரு கண்ணு. நீ வரிசையில நிக்கிறே, கையில ஒண்ணும் இல்ல. ஆனா இடுப்பு மட்டும் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. பிள்ளையைத் தோள்ல போட்டுத் தூங்கவச்சுப் பழகுனவனுக்குத்தான் அந்த ஆட்டம் ஒட்டும். கையில பிள்ளை இல்லாதப்பவும் நிக்காது. அப்புறம் பணம் எடுக்கப் பைக்குள்ள கையை விட்டே. ஐநூறு ரூவாத் தாளு நாலு வந்துச்சு, கூடவே உள்ளங்கையில அடங்குற ஒத்தக் காலுறையும் வந்துச்சு. எனக்குப் பக்கத்துல உக்காந்து எண்ணுற பய அதையும் சேர்த்து வாங்கி விரிச்சுப் பாத்தான்.

அந்த நேரம் பாத்து உன் பெரிய மாமன் கேக்குறாரு, ‘மாப்ள, இப்ப எங்க வேலை?’ன்னு. நீ சொல்றே, ‘ஒர்க் ஃப்ரம் ஹோம் மாமா.’

பொய்யின்னு சொல்ல மாட்டேன். வேலை உண்டு, வீட்டுலதான். வீட்டு வேலைங்கிறது மட்டும் அவரு காதுல விழுந்துறக் கூடாதுன்னு இங்கிலீசுல சொல்லிட்டே. உன் பொண்டாட்டி புதுக்கோட்டையில கவர்மெண்டு நர்சு. பேறுகால லீவு முடிஞ்சு அது வேலைக்குத் திரும்புச்சு. நீ மெட்ராசு வேலையை விட்டுட்டு வந்து பிள்ளையைப் பாத்துக்கிறே. அஞ்சு மாசமாச்சு. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதே. உங்க வீட்டுக்குப் பால் ஊத்துறவன் என்கிட்டத்தான் மொய்க் கணக்குக் கேக்க வருவான்.

லீவுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. நம்ம மாநிலத்துல அரசாங்க வேலை பாக்குற பொம்பளைக்கு 2021 ஜூலையிலேருந்து பன்னிரண்டு மாசம் பேறுகால லீவு, சம்பளத்தோட. ஏழைத் தாய்மாருக்குப் பேறுகால உதவி 18,000 ரூவா, தவணை தவணையா, கொஞ்சம் பொருளாவும். அதுக்கு வச்ச பேரு நம்ம ஊருப் பொண்ணு டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பேரு. மகாராஜா காலேஜுல பையன்களுக்கு நடுவுல ஒத்தப் பொண்ணாப் படிச்சவுக. எல்லாம் நல்ல காரியந்தான். பெத்தெடுக்கிற வரைக்கும் சர்க்காருக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. பிள்ளைக்கு ஒரு வயசு முடிஞ்ச மறுநாளு அது தானா எந்திரிச்சுக் குளிச்சுச் சோறாக்கித் தின்னுக்கும்னு நெனைச்சுட்டாக போல.

டெல்லிக்காரக விதி இன்னும் ரசம். மத்திய அரசு வேலையில இருக்கிற பொம்பளைக்குப் பிள்ளை வளர்க்கன்னு 730 நாள் லீவு உண்டு. 2018 டிசம்பர்ல ஆம்பளைக்கும் உண்டுன்னாக. உனக்கு வாய் ஊறுதா? இரு. அவன் பொண்டாட்டி செத்திருக்கணும், இல்ல அத்துவிட்டிருக்கணும், இல்ல அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கக் கூடாது. பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் இருக்கிறவனுக்குப் பிள்ளை பொறந்தப்பப் பதினஞ்சு நாளு, அம்புட்டுத்தான். ஆக அப்பன் பிள்ளையைப் பாக்கணும்னா வீட்டுல ஆத்தா இருக்கக் கூடாது. நீ அதுக்கு ஆசைப்படாதே. உன் பொண்டாட்டி கையில ஊசி இருக்கு.

மொய் நோட்டுக்கு வாறேன். யாரு, எந்த ஊரு, எம்புட்டு. அம்பது ரூவா விட்டாலும் எழுதியாகணும். அஞ்சு வருசம் கழிச்சு அவுக விருந்து வைக்கிறப்ப வாங்குனதைத் திருப்பணும், அதுக்கு மேல புது நடை போடணும். பழைய பாக்கி இம்புட்டு, புது நடை இம்புட்டுன்னு நோட்டுல பிரிஞ்சு தெரியணும். திருப்பலைன்னா வீடு தேடி வந்து கேப்பாக. ஆடி மாசம் பொறந்தா வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடின்னு ஊரு ஊருக்கு இதே சோலி. இம்புட்டுக் கணக்கு சுத்தமான சீமையில, உங்க அப்பத்தா அம்பது வருசமா எனக்கு வச்ச மொய்யை எந்த நோட்டுலயும் காணோம். நாளைக்கு மூணு வேளைன்னு போட்டுப் பாத்தேன். 54,750 வேளை சோறு. வந்தவுக போனவுக, உங்கப்பன், உன் அத்தைமாரு தின்னது சேர்க்காம, என் ஒருத்தன் இலை மட்டும். திருப்பி வச்சது எம்புட்டுன்னு கேக்கிறியா? அதுக்குத்தான் இந்தக் கதை.

2023-ல கலைஞர் மகளிர் உரிமைத் தொகைன்னு ஆரம்பிச்சாகல்ல? குடும்பத் தலைவிக்கு மாசம் ஆயிரம். செப்டம்பர் 15, அண்ணா பொறந்த நாளு, காஞ்சிபுரத்துல வச்சுத் தொடங்குனாக. ஒரு கோடியே ஆறு லட்சம் பொம்பளைகளுக்கு மேல. அந்த ஆடியில மொய் விருந்தை விட, அதுக்கு மனு எழுதுற முகாமுக்குத்தான் கூட்டம்.

ரேசன் கார்டுல தலைவர் நான்தான், மீசையோட படம் இருக்கு. கார்டுல ஆம்பளை தலைவரா இருந்தா அவரு பொண்டாட்டியைக் குடும்பத் தலைவின்னு எடுத்துக்குவோம்னு அரசாங்கம் சொல்லிருச்சு. ஒத்த உத்தரவுல என் பதவி போச்சு. எனக்கு வருத்தமில்ல, பதவியில இருந்தப்ப நான் கிழிச்சது எனக்குத்தானே தெரியும். வம்பு வேற பக்கம் வந்துச்சு. ஒரு கார்டுக்கு ஒரு தலைவிதான். எங்க கார்டுல உங்க அப்பத்தா ஒண்ணு, உங்கம்மா ஒண்ணு. மூணு நாளு ரெண்டு பேரும் சட்டிபானை மூலமாத்தான் பேசிக்கிட்டாக. அப்புறம் ஆளுக்குப் பாதின்னு பேசி முடிச்சு உங்க அப்பத்தாவைக் கூட்டிக்கிட்டு நான் போனேன்.

என்னென்ன பாத்தாக தெரியுமா? வருச வருமானம் ரெண்டரை லட்சத்தைத் தாண்டுதா, நஞ்சை அஞ்சு ஏக்கருக்கு மேலயா, புஞ்சை பத்துக்கு மேலயா, காரு இருக்கா, கரண்டு வருசத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல ஓடுதா. வீட்டுல ஓடுன ஃபேனை எண்ணுனாக, ஓடுன பொம்பளையை எண்ண ஒரு கட்டம் இல்ல. எத்தனை மணிக்கு எந்திரிக்கிறே, எத்தனை மணிக்குப் படுக்குறேன்னு கேட்டிருந்தா, எழுதுற பொண்ணுக்கு ரெண்டு நாள் வேலை.

அப்புறம் விரல் வைக்கச் சொன்னாக. உங்க அப்பத்தா கட்டைவிரலை வச்சுச்சு, மிசினு எடுக்கலை. முந்தானையில துடைச்சுட்டு வச்சுச்சு, எடுக்கலை. ஆள்காட்டி விரல், எடுக்கலை. அந்தப் பொண்ணு கையைத் திருப்பி வெளிச்சத்துல பாத்துட்டு, ‘ரேகை தேஞ்சு போச்சு பாட்டி’ன்னுச்சு. சாம்பலும் தேங்காநாரும் போட்டுச் சட்டி தேச்சது, புளி கரைச்சது, விடியக்காலம் மூணு மணிக்குத் தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு முல்லைப்பூ பறிச்சது, எல்லாம் சேர்ந்து ரேகையைத் தின்னுருச்சு. பக்கத்துல நின்ன நான் சும்மா இருக்கமாட்டாம, மிசினு கெட்டுப் போச்சான்னு பாப்போம்னு என் கட்டைவிரலை வச்சேன். டிங்குன்னு பச்சை விளக்கு. எழுபத்திமூணு வயசுல என் ரேகை அம்புட்டும் கடையிலேருந்து வாங்குன மாதிரி பத்திரமா இருக்கு பேராண்டி. உங்க அப்பத்தா என் விரலைப் பாத்துச்சு, என் மூஞ்சியைப் பாத்துச்சு. ஒண்ணும் சொல்லலை. கடைசியில அதோட இடது கை மோதிரவிரலை மிசினு ஒத்துக்கிச்சு. அது ஒண்ணுதான் கொஞ்சம் வேலையில்லாம இருந்த விரலு.

பணம் ஏறுனதும் டீக்கடையில பேச்சு. இலவசமாக் குடுத்துக் குடுத்துப் பொம்பளைகளைச் சோம்பேறி ஆக்குறாகன்னு ஒருத்தன் சொல்றான். அப்ப மணி பத்து. அவன் ஏழு மணிக்கு வந்து உக்காந்தவன். நான் கேட்டேன், ‘தம்பி, மொய் எழுதுறவன் கேக்குறேன், இதை நோட்டுல எப்படி எழுத? புது நடையா, பழைய பாக்கியா?’ புது நடைன்னா போட்டவன் கை ஒசத்தி, வாங்குனவ கும்பிடணும். பழைய பாக்கின்னா தலை குனிய வேண்டியது குடுக்கிறவன். உதவித் தொகைன்னு போடாம உரிமைத் தொகைன்னு போட்டாக பாரு, அந்தத் திட்டத்துலயே விலை கூடுன சரக்கு அந்த ஒத்தச் சொல்லுதான். ஆயிரம் ரூவா அரிசி பருப்புல கரைஞ்சிரும். ஆனா மேடையில ஏத்தி மைக்கை நீட்டி நன்றி சொல்ல வைக்கிறாக. கட்சி எதுவா இருந்தா என்ன, பாக்கியைத் திருப்புனவனுக்கு மாலை போட்டு நான் ஒரு மொய் விருந்துலயும் பாத்ததில்ல.

பாக்கி எம்புட்டுன்னும் கணக்குப் பாத்துட்டேன். மத்திய அரசு 2024-ல நாட்டுல யாரு எம்புட்டு நேரம் எதுல செலவழிக்கிறாகன்னு எடுத்தாக. வீட்டு வேலையில கைவைக்கிற பொம்பளை நாளைக்கு 289 நிமிசம், சம்பளமில்லாம. ஆம்பளை 88. இந்த 88-ம் ஏதோ கொஞ்சம் வேலை செய்யற ஆம்பளையோட கணக்கு. துரும்பைக் கிள்ளிப் போடாத மகராசன்க அதுல சேர்த்தி இல்ல. 2019-ல எடுத்தப்ப அவுக மட்டும் நூத்துக்கு 74 பேரு. இப்ப 289-ஐ முப்பதால பெருக்கு. மாசம் 144 மணி நேரம் சொச்சம். ஆயிரத்தை அதால வகுத்தா மணிக்கு ஏழு ரூவா வரலை. நம்ம டீக்கடையில அரை கிளாசு. நூறு நாள் வேலையிலயே 2025 ஏப்ரல்ல ஒரு நாள் கூலி 336 ஆச்சு. அப்ப முப்பது நாள் உழைப்புக்கு மூணு நாள் கூலி வருது. அசல் அப்படியே நிக்கிது.

கோர்ட்டுக்காரக போட்ட விலையையும் கேட்டுக்க. 1989-ல ஜாம்ஷெட்பூருல ஒரு தீ விபத்து. அதுல செத்துப்போன, வீட்டைப் பாத்துக்கிட்டிருந்த பொம்பளைகளோட வேலைக்கு மாசம் 3,000-ன்னு 2001-ல சுப்ரீம் கோர்ட்டு விலை போட்டு நஷ்டஈடு குடுக்கச் சொல்லுச்சு. அப்ப, செத்தவளுக்கு 2001-ல மூவாயிரம். உசுரோட இருக்கிறவளுக்கு 2023-ல ஆயிரம்.

நான் என்னமோ பொறக்கிறப்பவே ஞானம் வந்தவன்னு நெனைச்சுறாதே. 1991-ல நம்ம ஜில்லாவுல அறிவொளி இயக்கம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துச் சொல்லிக் குடுத்ததோட பொம்பளைகளைச் சைக்கிள்லயும் ஏத்திவிட்டாக, ஆயிரக்கணக்குல. நான் அறிவொளித் தொண்டன். ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்துல ஊருப் பொம்பளைகளுக்கு உரிமை, சமத்துவம்னு வாய் வலிக்கப் பேசிட்டு, வீட்டுக்கு வந்து சோத்துத் தட்டுக்கு முன்னாடி உக்காருவேன். உங்க அப்பத்தாவும் சைக்கிள் பழகுச்சு. கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாறப்ப விழுந்து வலது கை முறிஞ்சு போச்சு. நாப்பது நாளு மாவுக்கட்டு.

மூணு பிள்ளைக வீட்டுல. மூத்தவன் உங்கப்பன், தின்னுட்டு ஓடிருவான், அந்தக் குணத்துலதான் சிங்கப்பூரு வரைக்கும் ஓடிட்டான். அடுப்படிக்கு நான் போனேன். பதினாறு வருசம் குடித்தனம் பண்ணுன வீட்டுல உப்புச் சட்டி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை. அது கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்லும், ‘மேல ரெண்டாவது தட்டுல, சீரகத்துக்கு அங்கிட்டு.’ நான் சீரகத்தைத் தேடுவேன். முதல் நாளு குழம்புல புளி தூக்கல், மறுநாளு உப்பு தூக்கல், மூணாம் நாளு ரெண்டையும் சரிபண்ணி மொளகாப் பொடியில விட்டுட்டேன். மாவு ஆட்டி வச்சுட்டு மறந்தா பொங்கித் தரையில ஓடுது, ஞாபகமா எந்திரிச்சுப் பாத்தா புளிக்கவே இல்ல. ஒரு வேலை முடிஞ்சதுன்னு உக்கார முடியாது, துவைச்சு மடிச்ச துணி மறுநாளு அழுக்காகிக் கெடக்கு. மொய் நோட்டுன்னா கடைசியில ஒரு கோடு போட்டுக் கூட்டுத்தொகை எழுதிருவேன். அடுப்படியில அந்தக் கோடே இல்ல பேராண்டி.

இதுல வெக்கங்கெட்ட சங்கதி ஒண்ணு சொல்றேன், உங்க அப்பத்தாவுக்குத் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. தெருவுல ஆள் சத்தம் கேட்டா அகப்பையை அடுப்புக்குப் பின்னால போட்டுட்டு ஓடியாந்து திண்ணையில மொய் நோட்டைப் புரட்டிக்கிட்டு உக்காந்துருவேன். உன் பொட்டி மாதிரி. நாப்பத்தொண்ணாம் நாளு கட்டைப் பிரிச்சாக. அது அடுப்படிக்கு வரும்னு நான் அகப்பையை எடுத்து நீட்டுறேன், அது சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கெளம்பிருச்சு.

உங்கப்பன் கதையும் இதுல சேர்த்திதான். 2023 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு எழுதுனாரு. புருசன் சவுதியில சம்பாதிச்சு அனுப்புறான். பொண்டாட்டி இங்க பிள்ளைகளை வளர்த்து வீட்டைப் பாத்து, வந்த பணத்துல சொத்து வாங்குறா. திரும்பி வந்தவன் பூராவும் என் சம்பாத்தியம்னு கோர்ட்டுக்குப் போறான். அவ வீட்டைச் சொமந்ததாலதான் இவன் அங்க சம்பாதிக்க முடிஞ்சது, சொத்துல அவளுக்கும் சரிபாதி உண்டுன்னு தீர்ப்பு. பேப்பர்ல வந்ததை வெட்டிக் குடுத்து, சிங்கப்பூருக்கு வாட்சப்புல அனுப்புன்னு உங்கம்மாகிட்டச் சொன்னேன். ரெண்டு நீல டிக்கு விழுந்துச்சு. பதில் வரலை. சம்பளப் பணம் மட்டும் அந்த மாசம் ரெண்டு நாளு முன்னாடியே வந்துச்சு.

வெளிநாட்டுல என்ன செய்யறாகன்னு கேக்கிறியா? ஜெர்மனியில பிள்ளை வளர்த்த காலத்தைப் பென்சன் கணக்குல சேர்க்கிறாக, பிள்ளை ஒண்ணுக்கு மூணு வருசம் வரைக்கும். அப்பன் வளர்த்தா அப்பன் கணக்குல. ஐஸ்லாந்துன்னு ஒரு குளிர் தேசம். எனக்குக் கல்யாணமான அதே 1975-ல, அக்டோபர் 24-ம் தேதி, அங்க நூத்துக்கு 90 பொம்பளைக ஒரு நாளு பூரா வேலை செய்ய மாட்டோம்னு தெருவுக்கு வந்துட்டாக. ஆம்பளைக பிள்ளைகளை ஆபீசுக்குத் தூக்கிக்கிட்டுப் போனாக. சட்டுனு வேகுற சாசேஜ்னு ஒரு பண்டமாம், அன்னைக்குக் கடைகள்ல தீந்தே போச்சாம். இதை உங்க அப்பத்தாகிட்டச் சொல்லிவைக்காதே. அதுகிட்ட இன்னும் சைக்கிள் இருக்கு.

உனக்கு நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். ஆயிரம் ரூவாத் திட்டத்துல உனக்கு இடமில்ல. மகளிர்னு போட்டிருக்கு, தவிர உன் வீட்டுல கவர்மெண்டுச் சம்பளம் வருது, அதுவே ஆகாது. கேட்டு வாங்கணும்னாலும் வாங்குறதுக்கு நீ ஆள்னு ஒருத்தனுக்குத் தெரியணுமே? நீயே இங்கிலீசுல ஒளிஞ்சுக்கிட்டா சர்க்காரு உன்னை எந்தக் கட்டத்துல தேடும்? உங்க அப்பத்தாவை யாராவது என்ன செய்யறேன்னு கேட்டா, ‘சும்மாதான் இருக்கேன்’னு சொல்லும். 289 நிமிசத்தை ஒத்த வார்த்தையில முழுங்கிரும். நீ அதையே மூணு இங்கிலீசு வார்த்தையில செய்யறே.

2027 பிப்ரவரியில மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஆள் வரும். 2011-ல எடுத்த கணக்குல வீட்டு வேலை பாக்குறவுகளை வேலையில்லாதவுக வரிசையில வச்சிருந்தாக, பென்சன் வாங்குறவருக்கும் பிச்சை எடுக்கிறவனுக்கும் பக்கத்துல. அதுக்கு முந்தி 2001 கணக்குலயும் அப்படித்தான், 2010-ல சுப்ரீம் கோர்ட்டே அதைக் கண்டிச்சுச்சு. இருந்தாலும் கட்டம்னு ஒண்ணு இருக்கு. எழுத வர்ற பொண்ணு உன்கிட்ட என்ன வேலைன்னு கேட்டா, பிள்ளை வளர்க்கிறேன், வீட்டு வேலை பாக்குறேன்னு தமிழ்ல சொல்லு. அது உன்னை நிமிந்து பாக்கும், பாத்துட்டுப் போகட்டும், எழுதிக்கும். 2011 படிவத்துல அந்தக் கட்டம் பொம்பளைக்கு மட்டும்னு எங்கயும் போடலை.

உள்ள பாப்பா முழிச்சிருச்சு போல, சத்தம் கேக்குது. கஞ்சிப் பொடியை எடுத்துக்கிட்டுப் போ. பொட்டி இங்கயே இருக்கட்டும், யாரும் தூக்கிக்கிட்டுப் போயிற மாட்டாக.